அண்ணனின் வலது கை

பழகிய கை ஏன் தவறான விசைக்குப் போகிறது என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான் ஒருவன். என்னைப் படிக்கவைத்த அண்ணன், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர்.

உளவியல் எம்.ஏ. படிக்கும்போது, ஒரு விடுமுறையில், ஓமலூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு அவனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வண்டி புதுசு. பழையதில் லீவரை இழுத்தால் துளைபோடும் ராடு ஏறும். இதில் இழுத்தால் இறங்கும். பட்டறைக்காரர்கள் ஆயில் குழாயை அப்படி மாட்டியிருந்தார்கள். அண்ணன் கேட்டதற்கு, போகப் போகப் பழகிவிடும் என்றாராம் முதலாளி.

கம்ப்ரசர் சத்தத்தில் எல்லாம் கை ஜாடைதான். குழிவாயில் ஸ்பேனர் மாட்டிக்கொண்டிருந்தவன் கட்டைவிரலை உயர்த்தி, தூக்கு என்று காட்டினான். அண்ணன் இழுத்தான். ராடு இறங்கி, குழிவாயில் இருந்தவனின் இடது கையை நசுக்கியது. கல்தூள் அப்பிய முகத்தில் வாய் மட்டும் திறந்திருந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகுதான் அலறல் கேட்டது.

நிலத்துக்காரர் தன் ஜீப்பில் அவனைச் சேலத்துக்குக் கொண்டுபோனார். அடிபட்டவனின் அண்ணனும் இதே வண்டியில்தான் வேலை செய்தான். அவன் ஜீப்பில் ஏறவில்லை. நேராக வந்து என் அண்ணனை முகத்தில் குத்தினான். விழுந்தவனை மிதித்தான். பல் ஒன்று மண்ணில் கிடந்தது. குடித்துவிட்டு வந்தாயா என்று கேட்டுக் கேட்டு மிதித்தான்.

"இல்லீங்ணா. கை தானாப் போயிருச்சு."

"எந்தக் கைடா இழுத்துச்சு?"

அண்ணன் தானே வலது கையை நீட்டினான். இரண்டு பேர் அதை வண்டியின் பம்பர் மேல் வைத்து அழுத்தினார்கள். அடிபட்டவனின் அண்ணன் ஸ்பேனரை ஓங்கினான்.

நான் நடுவில் விழுந்தேன். விலாவில் ஒரு உதை. "காலேசு வாத்தியாரு வந்துட்டாரு, குழில போட்டு மூடுங்கடா" என்றான் ஒருவன்.

"நீங்களும் பழைய வண்டி ஓட்டுனவருதானுங்ணா. ஒருக்கா லீவர்ல நில்லுங்க. உங்க கை தப்பாமப் போச்சுன்னா அடிச்சுக்குங்க" என்றேன் ஸ்பேனரை ஓங்கியவனிடம்.

என் வாயை அடைக்கத்தான் அவன் போய் நின்றிருக்க வேண்டும். குழிவாயை விட்டு எல்லோரையும் விலக்கினேன். எஞ்சின் முழங்கியது. தூக்கு, இறக்கு என்று ஜாடை காட்டினேன். நிதானமாக, யோசித்து, ஒன்றுகூடத் தப்பாமல் செய்தான். பம்பரில் அண்ணனின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஜாடையை வேகப்படுத்தினேன். சட்டென்று இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி, ஆபத்து வந்தவன்போல் துள்ளினேன்.

அவன் இழுத்தான். ராடு இறங்கிப் பாறையில் மோதி வண்டியே அதிர்ந்தது.

தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்பேனரால் அந்த லீவரை அடிக்க ஆரம்பித்தான். அது வளைந்து, குழாய் கிழிந்து, சூடான ஆயில் அவன் நெஞ்சில் பீய்ச்சியது. அப்போதும் அடித்தான். யாரும் கிட்டப் போகவில்லை.

அண்ணனைப் பிடித்திருந்தவர்கள் எப்போதோ விட்டுவிட்டிருந்தார்கள். அவன்தான் கையை எடுக்காமல், பம்பர் மேலேயே வைத்திருந்தான்.