தொடாமல் வெடித்த துவக்கு

துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் பட்டறையில் நான் சேர்ந்து மூன்றாவது மாதம் பிரைஸ் தம்பதி வந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதி, தை மாதக் குளிர். ஸ்ட்ரெதம் பெருந்தெருவுக்குப் பின்னால் இருந்த சின்னப் பட்டறை அது. முதலாளி ஹரல்டும் நானும் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் தையல் மெஷின் திருத்தியவள் என்பதால் என்னைச் சேர்த்திருந்தார். நிரந்தரமாக்குவதா என்று இன்னும் சொல்லவில்லை.

பிரைஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். வேட்டைத் துவக்கை மேசையில் வைத்தார்.

"வித்துப்போடுங்கோ. இனி என்ர கையை நம்பேலாது."

அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய வாரம் மான் வேட்டைக்குப் போய்விட்டுக் காருக்குத் திரும்பியிருக்கிறார். அது பழைய போல்ட் அக்ஷன் மொடல். வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டிருந்தால், ரவை போட்டு எடுக்கும் வாயை மூடும் போல்ட்டைத் திறக்க ஏலாது. ரவையை, அதாவது தோட்டாவை, வெளியே எடுக்க முதலில் சேஃப்டியைத் தள்ள வேண்டும். தள்ளியதும் வெடித்துவிட்டது. குண்டு தெருவோர மண்ணில் பாய்ந்தது. நாலடி தள்ளி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவர் அவருடைய மனைவி டோரீன்.

"ட்ரிகரில விரல் பட்டிருக்க வேணும்" என்றார் பிரைஸ்.

"படேல்லை" என்றார் டோரீன். "நான் இவற்ர கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை, மிஸிஸ் பிரைஸ்" என்றார் ஹரல்ட். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதே கதையைப் பலரிடம் கேட்டுச் சலித்தவர்.

உள்ளே ரவை இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டுச் சோதித்தார். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தி, விரலை எடுத்தார். பிறகு சேஃப்டியை எடுத்தார். திரும்பத் திரும்பச் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. ரப்பர் சுத்தியலால் தட்டியும் பார்த்தார்.

"துவக்கில பிழை இல்லை."

அந்தத் தீர்ப்புக்காகவே காத்திருந்தவர்போல பிரைஸ் தலையாட்டினார். அது எனக்கு என்னவோ செய்தது.

பக்கத்து நோர்பரியில் எங்கள் ஆட்களின் தையல் மெஷின்களையும் நான் ஓய்வு நேரத்தில் பார்ப்பேன். "காலமை சுத்துதில்லை, ஹீட்டர் போட்டால் சுத்துது" என்பார்கள். திறந்தால் உள்ளே தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். அந்த நினைப்பில்தான் கேட்டேன்.

"இங்க ஹீட்டர் எரியுது. வெளியில வைச்சுக் குளிர விட்டுப் பாப்பமா?"

ஹரல்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். "உம்மட சாப்பாட்டு நேரத்தில செய்யும்."

துவக்கைத் தனியே விடக்கூடாது. பின்முற்றத்துப் பலகையில் வைத்துவிட்டுக் கோட்டோடு பக்கத்தில் நின்றேன். டோரீனும் வந்து நின்றார்.

"ஒரு கிழமையா இவர் பாண் வெட்டுற கத்தியைக்கூடத் தொடுறேல்லை" என்றார். "என்னைக் கொல்லப் பாத்திட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

முக்கால் மணித்தியாலம் கழித்து மற்ற இருவரையும் கூப்பிட்டேன். ஹரல்ட் சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை அழுத்தி, விரலை முழுதாக வெளியே எடுத்தார். பிறகு சேஃப்டியைத் தள்ளினார்.

டக்.

இன்னொருமுறை செய்தார். மறுபடியும் டக். ரவை இருந்திருந்தால் இரண்டு முறையும் வெடித்திருக்கும். பிரைஸ் தடித்த கையுறையோடு சுமந்து வரும்போது ட்ரிகர் அவருக்குத் தெரியாமல் அமுங்கியிருக்கிறது. சேஃப்டி போட்டிருந்ததால் அப்போது வெடிக்கவில்லை. அமுங்கிய ட்ரிகர் குளிரில் திரும்பி வரவும் இல்லை; அதனால்தான் சேஃப்டியைத் தள்ளியதும் வெடித்தது.

கழற்றிப் பார்த்தோம். ட்ரிகர் பெட்டிக்குள், குளிரில் இறுகும் மண்ணிறப் பிசின். முகர்ந்து பார்த்தேன். துவக்கின் மரப்பிடிக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய்.

"இதுக்குள்ள ஆர் இதை விட்டது?" என்று கேட்டார் ஹரல்ட்.

டோரீன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நான்தான். போன வருசம் இவர் இடுப்பு முறிஞ்சு கிடக்கேக்க மரத்துக்குப் பூசினன். உள்ளுக்கும் கொஞ்சம் விட்டன். இவர் எழும்பி வரேக்க துவக்கு புதுசு மாதிரி இருக்கட்டும் எண்டு."

சொல்லி முடிக்க முன்னரே அழத் தொடங்கிவிட்டார். பிரைஸ் கோபிப்பார் என்று நினைத்தேன்.

"நான் பக்கத்திலதானே கிடந்தனான்" என்றார் அவர். "நல்லா விடும் எண்டு சொன்னதும் நான்தான். நீர் மறந்திட்டீர்."

கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் மனைவியின் முகத்தைத் துடைத்தார். அவர் சொன்னது உண்மையோ, மனைவிக்காகச் சொன்னதோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஹரல்ட் டோரீனிடம், "நீங்கள் கண்டதைத்தான் சொன்னனீங்கள். நான் கேட்டிருக்க வேணும்" என்றார். அந்தக் கிழமையே எனக்கு நிரந்தர வேலைக் கடிதமும் தந்தார்.

புது ட்ரிகர் பூட்டினோம். சேஃப்டி போட்டபடியே போல்ட்டைத் திறக்கக்கூடிய வகை. விற்கும் பேச்சை விட்டுவிட்டு எடுக்க வந்தபோதும் பிரைஸ் அதைத் தொடத் தயங்கினார். நான் அவரிடம் சொன்னதையே இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். சேஃப்டி என்பது ஒரு சின்ன இரும்புத் துண்டு. எண்ணெய், ஊத்தை, குளிர், எதுவும் அதைக் கெடுக்கும். நம்ப வேண்டியது குழல் பார்க்கும் திசையை மட்டும்தான்.

"அண்டைக்குச் சேஃப்டி உங்களைக் கைவிட்டிட்டுது, மிஸ்டர் பிரைஸ்" என்றேன். "ஆனால் குழலை மிஸிஸ் பிரைஸின்ர பக்கம் திருப்பாமல் மண்ணைப் பாத்துப் பிடிச்சிருந்தது உங்கட கைதான்."

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். பிறகு துவக்கை எடுத்துக்கொண்டார்.