இரண்டாக அறுத்த கேபிள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று ஒரகடத்தில் இரண்டு பட்டறைக்கு முதலாளி. என்னை ஏமாற்ற இன்னும் எவனும் பிறக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தால் எங்கள் தெருவில் வெள்ளம் புகும் என்று பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதன் ஸ்டியரிங் இறுகிப்போனதும் காசிமேட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன்.

ஒல்லியான ஆள். எதைக் கேட்டாலும் பனியன் துணியில் பத்து விரலையும் துடைத்த பிறகுதான் பதில் சொல்வார். யோசித்துப் பேசுகிறவனை நான் நம்புவதில்லை.

"கேபிளுக்குள்ள துரு புட்ச்சிகீது மொதலாளி. புதுசுதான் போடணும்."

"கிரீஸ் வெச்சா போதாதா? எங்கிட்டயே கதை வுடுறியா?"

ஸ்டியரிங்கிலிருந்து பின்பக்க மோட்டாருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, மோட்டாரைக் கையால் இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். சுலபமாகத் திரும்பியது. "இப்ப இந்த கேபிளை நீங்களே இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். அசையவில்லை.

புதியதைப் பொருத்தி முடித்தவர், பழையதை ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்தார்.

"யோவ், என் பொருளை இன்னாத்துக்கு அறுக்குற?"

விரல்களைத் துடைத்தார். "முழுசா இருந்தா எடுத்து வெப்பீங்க. நாளைக்கு புதுசு போனா இதையே மாட்டுவீங்க. வெள்ளத்துல ஜனத்தை ஏத்திகினு போற படகு மொதலாளி."

பழைய கேபிளைத் தொங்கவிட ஓர் ஆணியைக்கூட நான் பார்த்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னை அரை நாளே பார்த்த அந்த ஆளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.