யோகேஸ்வரன் விடும் ஒரு முழம்

மேசைக்கு அடியில் தலையை விட்ட பிறகுதான் யோகேஸ்வரனுக்குப் பேச்சு வரும். அதுவரை வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, நனைந்த குடையை எங்கே சாத்துவது என்று தடுமாறிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொல்லவே கூச்சப்படுகிற மனிதர், கணினிக்குப் பின்னால் போனதும் ஆளே மாறிவிடுவார். "பச்ச லைட்டு எரியலீங்க. மஞ்சளும் துடிக்கலீங்க. சீக்கு பெட்டியிலயா, வழியிலயான்னு இப்பப் பாத்துருவோம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஹட்டனில் தொடங்கி நோர்வூட்டுக்கு அப்பால் வரை தேயிலைத் தோட்டக் கந்தோர்களில் எழுத்து வேலை பார்க்கும் பலருக்கு அவருடைய முகத்தைவிட முதுகுதான் பழக்கம். வலது காலுறையின் பெருவிரல் ஓட்டையும் பழக்கம்.

வயது நாற்பத்து மூன்று. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கணினிக் கடையில் வேலை. முதலாளி கடையில் இருப்பார், இவர் மலை மலையாக ஏறி இறங்குவார். இன்டர்நெட் வரவில்லை, கந்தோர்க் கணினி ஊமையாகிவிட்டது என்று எந்தத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தாலும் இவர்தான் போகவேண்டும். பையில் வயருக்குத் தலை போடும் கிரிம்பர் ஒன்று, எட்டு விளக்கு வைத்த சோதனைப் பெட்டி, முதுகு சொறியப் பயன்படும் நீளமான திருப்புளி, அப்புறம் நன்றாக வேலை செய்கிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த மஞ்சள் நிற வயர் ஒன்று. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'நல்லவன்'. சந்தேகப்பட்ட வயரைக் கழற்றிவிட்டு, "நல்லவனப் போட்டுப் பாப்பம்" என்பார். பச்சை எரிந்தால் பழைய வயர் குற்றவாளி. எரியாவிட்டால் அது நிரபராதி. அதைத் துடைத்து, சுருட்டி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி பழைய இடத்திலேயே மாட்டிவிடுவார்.

ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றவே மாட்டார். எல்லாவற்றையும் ஒருமிக்கப் பிடுங்கி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கிளாக்கர்மார் அவசரப்படுத்துவார்கள். "ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாத்தாத்தாங்க எதுன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு நத்தை வேகத்திலேயே தொடருவார். எட்டு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து அடுக்கும்போது மட்டும் உதடு அசையும். வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம் என்று ஓதிக்கொண்டே போய் மண்ணிறத்தில் முடிப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குவார்.

வயரைத் தவிர அடுத்தவர் பொருள் எதையும் தொடமாட்டார். ஒரு கதிரையை நகர்த்தவும் அனுமதி கேட்பார். மேசைமேல் கிடக்கும் பேப்பரைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். எந்த யூனியன், எந்தக் கட்சி, எந்த லயத்தில் யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நம்ம வேல வயரோட சரிங்க." இந்த வாசகத்தை வைத்தே அவரைக் கேலி செய்யாத தோட்டம் கிடையாது. ஒரு கலியாண வீட்டில் சோறு போதுமா என்று கேட்டவருக்கும் வாய் தவறி இதையே சொல்லிவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. அவர் மறுத்ததில்லை.

இன்னொரு பழக்கம் முதலாளிக்குப் பிடிக்காது. எந்த வயரை மாட்டினாலும் இரண்டு முனையிலும் ஒரு முழம் கூடுதலாக விட்டு, பூ அளக்கிற மாதிரி முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து, வளையமாகச் சுருட்டிக் கட்டிவிடுவார். வீண் செலவு என்று முதலாளி முணுமுணுப்பார். "இழுத்துக் கட்டுனா என்னைக்காவது அறுந்துருங்க. கொஞ்சம் தொய்வு இருக்கட்டும்" என்று இவர் சொல்வார். அந்த ஒரு முழம்தான் கடைசியில் அவருடைய நிம்மதியைக் கெடுத்தது.

நோர்வூட்டிலிருந்து உள்ளே போகும் கருங்கல்மலைத் தோட்டத்தில், கந்தோருக்குக் கீழே சரிவில் ஒரு பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். பொறுப்பாளர் சிசிலி. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த கணினி அங்கே இருந்தது. யார் யார் வந்தார்கள், என்ன எடை என்று ஒவ்வொரு குழந்தையையும் பக்கத்தில் நிறுத்தி அதில் பதிந்து அனுப்பவேண்டும். கந்தோரிலிருந்து மூன்று கம்பம் வழியாக இறங்கி, பின் ஜன்னலால் உள்ளே வரும் வயர் யோகேஸ்வரன் இழுத்ததுதான்.

"அண்ணே, கொம்பியூட்டர் மூலையில செவப்புச் சிலுவ விழுந்திருக்குங்க" என்று சிசிலி முதல் தடவை கூப்பிட்டது சென்ற ஆவணியில். போய்ப் பார்த்தால் வயரின் தலை பாதி கழன்று நின்றது, அதைப் பிடித்து வைக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தது. புதுத் தலை போட்டார். "புள்ளைங்க இழுத்திருக்கும் மிஸ்" என்றார். சிசிலிக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்புள்ளைங்க அந்தப் பக்கமே போகாதுண்ணே" என்று சொல்லி, அன்றே குழந்தைகள் உட்காரும் வாங்கு ஒன்றை எடுத்து மேசைக்குக் குறுக்கே போட்டாள்.

இருபது நாளில் மறுபடியும் சிலுவை. இந்தத் தடவை ஜன்னலுக்குக் கீழே அவர் சுருட்டி விட்டிருந்த ஒரு முழத்தைக் காணவில்லை. யாரும் வெட்டவில்லை. வளையம் பிரிந்து, நேராகி, ஜன்னலுக்கு வெளியே போயிருந்தது. விறகு கொண்டுபோகிறவர்கள் இழுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு முழம் ஒட்டுப்போட்டார். வேலை முடிந்தது என்று துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கினார். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் தடவை அந்த முழமும் போயிருந்தது. அன்றுதான் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். எப்போதும் தொய்ந்து ஆடும் வயர், கடைசிக் கம்பத்திலிருந்து ஜன்னல் வரை விறைத்து நின்றது. கம்பம் சாயவில்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பின்னால் ஓடும் மழைநீர்க் கான் இரண்டாகப் பிளந்து, தண்ணீர் கீழே ஓடாமல் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"கதவு சாத்த முடியுதுங்களா மிஸ்?"

"ஒரு மாசமா முடியலண்ணே. மழைக்கிப் பலகை ஊதிருச்சுன்னு நெனச்சேன்."

"பலகை இல்லீங்க. கட்டடம் கீழ போவுது. மல நடக்குதுங்க."

சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே இருபத்து நாலு குழந்தைகள் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

பெரிய கிளாக்கர் கந்தப்பன் கெட்ட மனிதர் அல்லர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறவர், அவ்வளவுதான். யோகேஸ்வரன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்று சொன்னதையெல்லாம் கேட்டார். "நான் எழுதாத லெட்டரா தம்பி? மூணு தடவ எழுதிட்டேன். தோட்டத்துத் தொர மாறுனாரு, பைல் மாறுச்சு, வெடிப்பு மட்டும் மாறல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கள வயரப் பாக்கத்தான் கூப்பிட்டோம். நீளமா ஒண்ணப் போட்டுட்டுப் போயிருங்க. அடுத்த மாசம் அந்த நிறுவனத்துக்காரங்க வர்றாங்க, மெசின் வேல செய்யாட்டி என் கழுத்துக்கு வரும்" என்றார்.

யோகேஸ்வரன் தன் தொழிலில் முதல் பொய்யை அன்று எழுதினார். இந்த வகை வயரில் நூறு மீற்றருக்கு மேல் தகவல் போகாது என்பது உண்மை. ஆனால் பிள்ளைக் காம்பராவுக்குத் தூரம் எண்பதுகூட இல்லை. 'தூரம் நூற்றி இருபது மீற்றர். இந்த இடத்தில் இயந்திரம் இனி இயங்காது. கந்தோருக்குப் பக்கத்து மண்டபத்துக்கு மாற்றவும்' என்று துண்டில் எழுதிக் கொடுத்தார். கந்தப்பன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார். துண்டை மடித்து பைலில் வைத்தார். ஒரு வாரத்தில் பூட்டிக் கிடந்த பழைய மண்டபம் திறந்தது. கணினி ஏறிப்போயிற்று. குழந்தைகளை அதற்குப் பக்கத்தில் நிறுத்தித்தானே பதியவேண்டும், அதனால் குழந்தைகளும் ஏறிப்போயின. வெடிப்பைக் காட்டி மூன்று கடிதம் எழுதியும் கிடைக்காத மண்டபம், ஒரு பெட்டிக்காகக் கிடைத்தது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் பிள்ளைக் காம்பராவுக்கு நேர் கீழே எட்டு வீட்டு லயம் ஒன்று இருக்கிறது. அங்கே கணினி இல்லை, வயரும் இல்லை, ஆகவே யோகேஸ்வரனிடம் எழுதுவதற்கு ஒரு பொய்யும் இல்லை. அந்த லயத்து ஆட்களின் பெயர் புது வீடு கட்டிக் கொடுக்கும் லிஸ்டில் இருக்கிறது. லிஸ்ட் எங்கே இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மறுபடியும் கந்தப்பனிடம் போனார். அவர் கையை விரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிற சட்டையோடு யோகேஸ்வரன் லயத்துக்கு வந்தார். கடையில் மிஞ்சிய துண்டு வயர்களை ஒட்டி ஒரே நீளமாக்கி, கொண்டுவந்திருந்தார். வெடிப்புக்கு மேலே உள்ள பெரிய பாறையைச் சுற்றி ஒரு முனையைக் கட்டினார். மறு முனையை லயத்தின் முதல் வீட்டின் பின்சுவர் ஓட்டையால் உள்ளே இழுத்து, அடுப்படிச் சுவரில் ஒரு வெறும் சொக்கட்டைத் திருகி, அதில் மாட்டினார். வயரின் தலையில் இருந்த பிளாஸ்டிக் நாக்கை அவரே முறித்துவிட்டார், இழுபட்டால் உடனே கழன்று விழட்டும் என்று. இரண்டு பக்கமும் எந்தப் பெட்டியும் இல்லாத வயர் அது. அவர் வாழ்க்கையில் ஒரு முழம் விடாமல் இழுத்துக் கட்டிய வயரும் அது ஒன்றுதான்.

முதல் வீட்டுக்காரி ராக்காயி. கொழுந்து பறிக்கிறவள், புருஷன் கொழும்பில், இரண்டு மகள்மார் பள்ளிக்கூடம் போகிறார்கள். "இது எதுக்கு தம்பி? எங்களுக்கு இன்டர்நெட்டா?" என்று கேட்டாள்.

"இது கழண்டு விழுந்தா யாரையும் கேக்காதீங்கக்கா. எட்டு வீட்டு ஆளையும் கூட்டிக்கிட்டு மேல மண்டபத்துக்குப் போயிருங்க. சாவி சிசிலி மிஸ்கிட்ட இருக்கு."

பத்தாம் நாள் கழன்றது. எட்டு வீடும் மழையில் குழந்தை குட்டியோடு மண்டபத்துக்கு ஓடியது. பார்த்தால், ராக்காயியின் மூத்த மகள் ஈரக் கம்பளியை அந்த வயரில் காயப்போட்டிருந்தாள். இவ்வளவு விறைப்பாக, இவ்வளவு வசதியாக, கூரைக்குக் கீழேயே ஒரு கொடி கிடைத்தால் யார்தான் சும்மா விடுவார்கள்? கங்காணி திட்டினார், லயம் முழுக்கச் சிரித்தது, 'கேபிள்காரர் காட்டிய பூச்சாண்டி' என்று பேராகிவிட்டது. யோகேஸ்வரன் வந்து, கம்பளி போடவேண்டாம் என்று கெஞ்சி, மறுபடி மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாலும், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நடை வந்து சொக்கட்டைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. வீட்டுக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றுவார். அடுப்படியில் சொக்கட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். தேத்தண்ணியை வாசலில் நின்று குடிப்பார்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் பகல், யாரும் கூப்பிடாமலே யோகேஸ்வரன் கருங்கல்மலைக்கு ஏறி வந்தார். கொழுந்து பறிப்பதை நிறுத்தியிருந்ததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ராக்காயியின் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் சொக்கட் மட்டும் இருந்தது. வயரின் தலை ஓட்டையில் தொங்கியது.

"காலையில கழண்டுச்சு தம்பி" என்றாள் ராக்காயி. "நான்தான் கம்பளி போட்டேன். வேற எங்க காயப்போடச் சொல்றீங்க? அதான் இழுத்திருச்சு. மறுபடி ஓடிப்போயி எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கவா?"

அவர் பின்பக்கம் போய், தண்ணீர் குடித்துக் கனத்த கம்பளியை வயரிலிருந்து எடுத்து, பிழிந்து, மடித்துத் திண்டில் வைத்தார். வயரில் இப்போது ஒரு பாரமும் இல்லை. உள்ளே வந்து தலையைப் பிடித்துச் சொக்கட்டை நோக்கி இழுத்தார். எட்டவில்லை. காலை ஊன்றி இன்னொரு தடவை இழுத்தார். இடையில் நான்கு விரல்களை வைத்துப் பார்த்தார். நான்கு விரலும் சரியாக அடங்கின.

"என்னா தம்பி, மாட்ட முடியலியா?" ராக்காயி அகப்பையோடு எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம வேல வயரோட சரின்னு போயிருவீங்களே, இப்ப என்னா நிக்கிறீங்க?"

யோகேஸ்வரன் அனுமதி கேட்கவில்லை. அவளைத் தாண்டிப் போய், கரித்துணியை எடுத்துச் சோற்றுப் பானையை இறக்கிக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி, எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்.