ஈரம் குடித்த சரக்கு

பிளைவுட் என்கிற ஒட்டுப்பலகை விற்கிறவனுக்கு வானம் இருட்டினாலே தூக்கம் போய்விடும். சிமெண்டு, சுண்ணாம்பு, பலகை என்று எதையாவது விற்றுவிட்டு மழையைப் பார்த்துப் பயந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு கடையில் விற்பனைக்கு நின்றேன். சிமெண்டு, கூரைக்கு அடியில் அடிக்கிற அட்டைப்பலகை, ஒட்டுப்பலகைக் கதவு எல்லாம் விற்போம். ஈரம் பட்டால் முதலாவது இறுகும், இரண்டாவது தொங்கும், மூன்றாவது உப்பும். முந்தின வருஷ மழையில் திரும்பி வந்த சரக்கைப் பார்த்து நொந்துபோயிருந்த முதலாளி, ஐப்பசி பிறந்த அன்றே என்னைக் கூப்பிட்டார். "இந்த மழைக்கு ஒரு சரக்கு திரும்பி வந்தாலும், அதோட சேர்ந்து நீயும் வெளியே போயிடலாம்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர். எனக்கோ கல்யாணமாகி, உறையூரில் அப்போதுதான் தனிக்குடித்தனம் வைத்திருந்தேன்.

வாடாத மூட்டை

முதலில் வந்தவர் ஜீயபுரத்து வாழை விவசாயி. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க அலைந்த காலம் அது. பாடுபட்டு வாங்கிக்கொண்டு போன மூட்டைகளில் ஒன்றின் துண்டைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கருங்கல் மாதிரி இருந்தது. முதலாளி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் இவரை அனுப்பிவிட வேண்டுமே என்று, மழையில் நனைந்ததா, கூரை ஒழுகியதா என்று அடுக்கிக் கேட்டேன். எதுவும் இல்லையாம். திருப்பிக் கொடுக்கவும் வரவில்லையாம்; ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தாராம். மூட்டையை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கடைசியில் கேட்டேன்.

"நனைஞ்ச சாக்கைப் போத்தி, காலையில சாயங்காலம் தண்ணி தெளிச்சு வச்சேங்க. வாழை எலைக்கட்டெல்லாம் அப்படித்தான் வைப்போம், வாடவே வாடாது."

தொங்கிய கூரை

அடுத்தது பொன்மலையில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர். சித்திரை வெயிலில் வீட்டுக்கூரைக்கு அடியில் அட்டைப்பலகை அடித்துக்கொண்டார். ஒன்றோடொன்று இடைவெளியே தெரியாமல் நெருக்கி அடித்த ஆசாரியை நான்கூடப் பாராட்டினேன். ஐப்பசியில் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு நேர்மேலே கூரை பானை வயிறாகத் தொங்குகிறது. அட்டை ஈரத்தைக் குடித்து அகலமாகியிருக்கிறது; பக்கத்தில் போக இடமில்லாமல் கீழே இறங்கிவிட்டது. அவர் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்.

கழற்றி எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கைத்தடியால் அந்த வயிற்றை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். சந்து விட்டுத் திரும்ப அடித்தால் போதும் என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

"முப்பது வருஷம் தண்டவாளச் சந்துமேல தடதடன்னு போனவன் நான். என் வீட்டுக்குச் சந்து விடணும்னு எனக்கே தோணலை பாருங்க."

துவாதசிக் காலை

இரண்டு கண்டம் தப்பியது. மூன்றாவது ஸ்ரீரங்கத்தில் காத்திருந்தது. உத்தர வீதியில் ஓர் ஐயங்கார் தம்பதி, இருவருக்கும் எழுபதுக்கு மேல். பெருமாள் இருக்கும் சின்ன அறைக்கு எங்கள் ஒட்டுப்பலகைக் கதவைப் போட்டிருந்தார்கள். அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கடை திறக்கும்போதே வந்து நின்றார். கதவு திறக்கவில்லையாம், பெரியவர் நேற்று ஏகாதசிக்குச் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். நல்லவேளை, முதலாளி இன்னும் வரவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடினேன்.

பெரியவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. தளிகை தயாராக இருக்கிறது, ஆனால் பெருமாளுக்குக் காட்டாமல் அவர் வாயில் எதுவும் வைக்கமாட்டார். பெருமாளோ உள்ளே. கடையில் எத்தனை பேர் கை பட்ட கதவோ என்று, அந்த அம்மாள் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் விட்டு அதை அலம்பியிருக்கிறார். மழையும் சேர்ந்துகொள்ள, கதவு நிலையைக் கவ்விக்கொண்டுவிட்டது.

கடப்பாறை போட்டு நெம்பக் கூடாது, உள்ளே விக்கிரகம் இருக்கிறது. கீல் வெளிப்பக்கம் இருந்ததால் அதைக் கழற்றிவிடலாம். ஆனால் மடியாக, ஆசாரச் சுத்தமாக இருக்கும் இடத்துக்கு நான் போகக் கூடாதே. திருப்புளியைத் தரையில் வைத்துவிட்டு வாசல் ரேழியில் நின்றபடி, இடது பக்கமாகத் திருகுங்கள் என்று வழி சொன்னேன். பெரியவர் எழுந்து போய்த் திருகினார். முதல் திருகாணி அசைவதற்குள் திருப்புளி கைதவறி விழுந்தது. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எனக்கு வேலை, முதலாளி எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு மனிதர் நான் விற்ற கதவுக்கு முன்னால் பட்டினியில் போய்விடப் போகிறாரே என்று பதறினேன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். பிறகு தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார். "ஈர வஸ்திரம் மடிதான். உள்ள வாங்கோ" என்றார்.

கீல்களைக் கழற்றி, திருப்புளியைச் சந்தில் விட்டுச் சிறிது சிறிதாக அசைத்து, கதவை முழுதாக வெளியே எடுத்தேன். பெருமாளுக்கு அமுது காட்டி, பெரியவர் நெல்லிக்காயும் தீர்த்தமும் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஓரத்தை இழைத்து மாட்டித் தருகிறேன், கடைக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். கடைக்குச் சொல்லமாட்டேன், ஈடாக எதுவும் வேண்டாம், கதவை மட்டும் கண் மறைய எடுத்துப் போய்விடு என்றார் பெரியவர்.

"பெருமாளுக்கு ஒரு திரைச்சீலை போதும். நனைஞ்சாலும் காஞ்சுடும்."

கடைக்குத் திரும்பவே கூடாத அந்தக் கதவைத் தலையில் சுமந்து உறையூருக்கே கொண்டுபோய் நாலு கால் அடித்துக் கட்டிலாக்கிவிட்டேன். என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த அதன்மேல்தான், ஐப்பசி மழைக்கு ஐப்பசி மழை, அடுத்து எந்தச் சரக்கு திரும்பி வருமோ என்று தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன்.