இத்தலாரில் இருபத்திரண்டு பிரிக்காத பெட்டிகள்

நான் விற்ற சரக்கையே திரும்ப வாங்குவதற்காகப் போன மாதம் இத்தலார் போய் வந்தேன். பிரிக்காத போர்டு கேம் பெட்டிகள் இருபத்திரண்டு. மூன்று நான்கு தவிர எல்லாமே என் கடையிலிருந்து கூரியரில் மலையேறியவை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: கோவையில் தள்ளுவண்டியில் பொம்மை விற்று ஆரம்பித்தவள் நான். இப்போது போர்டு கேம்களைப் புதிதாகவும் பழையதாகவும் வாங்கி விற்கிறேன். தாயக்கட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெட்டிக்குள் ஒரு வரைபடம், மரக் காய்கள், ஒரு கட்டுச் சீட்டு, முப்பது பக்க விதிப் புத்தகம் எல்லாம் இருக்கும். ஓர் ஆட்டம் முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும். நல்ல பெட்டி இரண்டாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது.

நிர்மலா ஆறு வருடமாக என் வாடிக்கையாளர். இத்தலார் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க், சொந்த ஊர் அன்னூர் பக்கம். நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும்: "இது எத்தனை பேர் ஆடறதுங்க?" நானும் அதற்குத் தகுந்த சரக்கைச் சொல்வேன். ஸ்வெட்டர் போட்ட நாலு பேர் டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதாக என் கற்பனை. என் போனில் அவர் பெயரே 'இத்தலார் செட்' என்றுதான் இருந்தது. அந்த எண்ணிலிருந்துதான், குவார்ட்டர்ஸை ரிப்பேருக்காகக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், போகிற இடம் ஒற்றை ரூம், பிரிக்காத பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று செய்தி வந்தது. பிரிக்காத சரக்கு என்றால் நான் நேரம் பார்ப்பதில்லை. அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

ஊட்டி பஸ் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் ரோட்டு ஸ்டாண்டிலிருந்துதான் புறப்படுகிறது, காந்திபுரத்தில் போய் நிற்காதீர்கள். காலை ஐந்தரை மணி வண்டி. ஊட்டி வரை எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், மூன்றரை மணி நேரம். பர்லியார் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பார்க்க ஓர் அம்மா ஏறினார். பெட்டிகளைச் சுற்றுவதற்காக நான் கொண்டுபோன பபிள் ராப் சுருளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல படுத்துத் தூங்கப் போறீங்களாங்க?" என்றார். தொழில் சாமான் என்றேன். தொழிலை மலைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லிச் சிரித்தபடியே எடுத்துக்கொண்டு இறங்கினார். சட்டம் சரிதான். அந்தச் சுருளின் நானூறு ரூபாய் போனது என் கவனக்குறைவு.

குன்னூர் தாண்டியதும் மழை பிடித்தது. பக்கத்து இருக்கையில் மேட்டுப்பாளையத்திலிருந்தே யாரும் இல்லை. வியாபாரத்துக்கு வந்த பிறகு நான் போன பயணங்கள் எல்லாமே இப்படித்தான். பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அதுவே துணை. ஊட்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டு இத்தலார் பஸ் பிடித்தேன். சாதாரண வண்டியில் பெண்களுக்கு இலவசம், எனக்கும் காசு கேட்கவில்லை. முக்கால் மணி நேரம். இறங்கியபோது எதிரே இருந்த காரட் தோட்டம் பாதிதான் தெரிந்தது. மீதியை மஞ்சு மூடியிருந்தது.

நிர்மலாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். லீவு போட்டுவிட்டு ஸ்டாப்பிலேயே குடையோடு நின்றிருந்தார். வீடு இரண்டு அறை, மிகச் சுத்தம். முன்னறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி. மூன்றில் மெத்தை உறையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. உள்ளறை பீரோவில் இருபத்திரண்டு பெட்டிகளும் முதுகைக் காட்டி அடுக்கியிருந்தன. துணி நமத்துப் போகாமல் இருக்க இங்கே எல்லோரும் செய்வது போல பீரோவுக்குள் ஒரு பல்பு எரிந்தது. பெட்டிகள் எல்லாமே கண்ணாடித்தாள் உறையோடு, பெரும்பாலானவை என் கடை ஸ்டிக்கரோடும் இருந்தன. பிரித்த பெட்டி ஒன்றே ஒன்று, இருவர் ஆடும் சிறியது. அது விற்பனைக்கில்லை. மூலைகள் தேய்ந்து, செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"உங்க செட்டு ஆளுங்க யாரும் எடுத்துக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த செட்டுங்க அக்கா?" என்றார் அவர்.

ஒரு பெட்டியை எடுத்து முகர்ந்தேன். பழைய சரக்கு வாங்குகிறவளுக்கு மூக்குதான் தராசு. லேசாகப் பூஞ்சண வாடை. மூடியின் நடுவே கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு குழிவு. மலையில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இது. மேலே பிளாஸ்டிக் இருப்பதால் ஈரம் உள்ளே போகாது என்று நினைக்கிறார்கள். அந்த உறையில் ஊசித்துளைகள் இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி தெரியாமல் அட்டையிலேயே தங்கிவிடும். இதைச் சொல்லி, நாலு பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது. பிரித்தால் விலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும். பிரிக்காமல் எடுத்தால் பாதி விலைகூடத் தர மாட்டேன், உள்ளே என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது என்று நானும் நேராகவே சொன்னேன். கடைசியில், ஒன்றை மட்டும் பிரிக்கலாம், எதை என்பதை அவர் சொல்வார் என்று முடிவானது.

அவர் எடுத்தது ஆற்றுத் துறைகளில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்டம். மரப் படகுகள், இரண்டிலிருந்து நாலு பேர். வந்த பெட்டிகளிலேயே ரொம்ப நாள் காத்திருந்தது அதுதானாம். பிளேடால் உறையைக் கீறினார். உள்ளே ஆட்டப் பலகையின் ஓரத்தில் சாம்பல் பூத்திருந்தது, துணியால் துடைத்ததும் போய்விட்டது. சீட்டுகள் சற்று வளைந்திருந்தன. படகுகள் பழுதில்லை. அடியில், வில்லைகள் இன்னும் பெயர்க்காத அட்டைத் தகடுகள். கட்டைவிரலால் தள்ளினால் ஒவ்வொன்றும் டப்பென்று கழன்று வரும். என் தொழிலில் யாரும் அதைச் செய்வதில்லை, வில்லை பெயர்க்காத பெட்டிக்குத்தான் மதிப்பு. ஆறு வருடத்தில் எத்தனையோ பெட்டி விற்றிருக்கிறேன், ஒரு வில்லையைக்கூட நான் தள்ளியதில்லை.

"தள்ளட்டுங்களா?" என்று கேட்டார். எதற்குச் சரி என்றேனோ தெரியாது. இருவரும் ஆளுக்கொரு தகடு எடுத்துக்கொண்டோம்.

காய்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஆட்டம் போட்டுவிடலாம் என்று சொன்னது நான்தான். விதிப் புத்தகத்தை அவர் தொடவே இல்லை. வீடியோ பார்த்தே மனப்பாடம் செய்திருந்தார். அவருக்கு நீலம், எனக்குச் சிவப்பு. இரண்டு சுற்று ஒழுங்காகப் போயின. மூன்றாவது சுற்றில் தன் படகை நகர்த்தி முடித்தவர், தலை நிமிராமல் கையை நீட்டி என் சிவப்புப் படகை எடுத்து இரண்டு துறை தள்ளி வைத்தார். என் பக்கக் கட்டிலிருந்து ஒரு சீட்டையும் உருவிப் பார்த்தார். பிறகு தன் படகுக்குக் கையைக் கொண்டுபோனவர், நான் எதிரே இருப்பதைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார்.

"அய்யோ, மன்னிச்சிருங்கக்கா. கைப்பழக்கமுங்க."

நல்ல நகர்த்தல்தான். நான் யோசித்து வைத்திருந்ததைவிட நல்லது. அப்படியே இருக்கட்டும் என்றேன். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இந்த ஊருக்கு வந்த புதிதில், என்னிடம் வாங்க ஆரம்பிப்பதற்கு முன்னால், இரண்டு டீச்சர்களும் பேங்க்கில் ஒருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பெட்டிகளோடு ஆட வந்தார்களாம். அவர்களுக்கு ஒவ்வொருவராக மாற்றல் வந்தது. அக்கம்பக்கத்துப் படுகர் வீடுகளில் கல்யாணம் காட்சி எதற்கும் இவரை விட்டுவிட மாட்டார்கள். ஆனால் தோட்ட வேலை முடித்து வருகிறவர்களை உட்காரவைத்து முப்பது பக்க விதி சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. அந்தத் தேய்ந்த பெட்டியில் மட்டும் இரண்டு பக்கமும் தானே ஆடிவந்தார்.

"ஜெயிக்கறதும் நானு, தோக்கறதும் நானு. ஒருக்காக்கூடச் சண்டை வந்ததில்லீங்க" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் பெட்டிகளின் முதுகில் '2–4' என்பதற்குப் பதிலாக '1–4' என்று அச்சடிக்கிறார்கள். தனியாக ஆடுவதற்கென்றே தனிச் சீட்டுக்கட்டு வைத்து வருகிறது. இந்தப் பொழுதுபோக்கில் இன்றைக்கு வேகமாக விற்பது அந்த 'ஒன்று'தான், என் கடையிலும் அப்படித்தான். அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். காயைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒண்ணுன்னு போட்டிருந்தா வாங்க மாட்டேனுங்க. அதை வாங்கிட்டா அப்புறம் யாரும் வர மாட்டாங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க."

இருபத்திரண்டு பெட்டியையும் திருப்பிப் பார்த்தேன். எல்லாமே இரண்டில் தொடங்கியவை.

ஆட்டத்தில் நான் தோற்றேன். சாப்பாடு அவர் வீட்டில்தான், சாதமும் அவரைக்காய்க் குழம்பும். பிறகு மீதிப் பெட்டிகளின் உறையையும் அவரே பிரித்தார். எட்டில் பூஞ்சணம் இருந்தது, இரண்டில் பலகையே வளைந்திருந்தது. பபிள் ராப் இல்லாததால் அவருடைய பழைய சேலைகளில் கட்டினோம்.

மதியம் மூன்றரைக்கு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப்போகும் பிக்கப் ஒன்றில் இடம் கிடைத்தது. எனக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய். காரட் வண்டியில் ஏற்றாதீர்கள், கழுவின ஈரம் சொட்டும். டிரைவர் தம்பி மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டே என்ன சாமான் என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் என்றேன். "இத்தனையுமா? ஊட்ல எத்தனை பசங்கங்க?" என்றார். ஒருத்தரும் இல்லை, வியாபாரம் என்றேன். அதற்கப்புறம் குன்னூர் வரை அவர் பாட்டுப் போட்டுக்கொண்டார். நான் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறு வருடம் நான் அனுப்பிய ஒவ்வொரு பார்சலும், அந்த மேசையில் மூன்று நாற்காலியைக் காலியாகவே பார்த்திருக்கிறது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் நாலு பேர் மேசைதான்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம், பழைய செய்தித்தாள் போதும். இத்தலாரில் லாட்ஜ் எதுவும் என் கண்ணில் படவில்லை, தங்குவதானால் ஊட்டியில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் குடியிருந்துகொண்டு கேம் வாங்குகிறவர்கள், பெட்டி வந்த அன்றே உறையைப் பிரியுங்கள். விலை குறையுமே என்று பார்த்தால் பெட்டியே போய்விடும். முடிந்தால் வில்லைகளையும் தள்ளிவிடுங்கள்.

பேரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். நான் ஒரு தொகை சொன்னதும் அவர் கூட்டிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"வாங்கறவங்க பின்கோடு ஆறு நாலு மூணுன்னு ஆரம்பிச்சா எனக்குச் சொல்லோணுங்க."

நீலகிரிக்குள் வரும் எண் அது. இந்த ஆறு வருடத்தில் அந்த எண்ணுக்கு நான் அனுப்பிய பார்சல்களில், ஒரு ரிசார்ட்டுக்குப் போன இரண்டைத் தவிர மற்றதெல்லாம் இவருக்கு வந்தவைதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். தெரியும், இருந்தாலும் பேச்சில் அதுவும் சேரட்டும் என்றார்.

ஆக, இருபத்தொரு பெட்டிக்கு இருபத்தாறாயிரம் ரூபாய், கையோடு கொடுத்தாகிவிட்டது. வண்டி வாடகை என்னுடையது. படகு ஆட்டம் அவரிடமே இருக்கும். 643-இல் தொடங்கும் பின்கோடு வந்தால், வாங்குகிறவரிடம் சம்மதம் கேட்டு அவர் போன் எண்ணை நிர்மலாவுக்குத் தருவது என் பொறுப்பு. அதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை.