இடம் மாறிய பெயர்கள்

ஒரத்தநாட்டுக்காரி விஜயலட்சுமி, தஞ்சாவூரில் ஒரு மகளிர் கல்லூரியில் பதினாறு வருஷமாகத் தாவரவியல் நடத்துபவள். செல்போனில் தொட்டுத் தொட்டுப் படித்தால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறும் என்று, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து முப்பத்தெட்டு ஆன்லைன் பயிற்சிகள் செய்தாள். அதிலொன்று, இலையின் குறுக்குவெட்டுப் படம். நீர் கடத்தும் சைலம், உணவு கடத்தும் ஃபுளோயம் என்ற பெயர்களை விரலால் இழுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. கல்லூரி விழாவில் அவளுக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

கீழ்வேளூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த கவிப்ரியா, ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேம், சைலத்த மேல வச்சா சிவப்பு வருது."

ஏதோ அறிக்கை தட்டச்சு செய்துகொண்டிருந்த விஜயலட்சுமி நிமிரவே இல்லை. "சிவப்பு வந்தா தப்புன்னுதானம்மா அர்த்தம். படத்த நல்லாப் பாரு."

"சரிங்க மேம்."

செமஸ்டர் தேர்வில் அதே படத்தைக் கேட்டார்கள். மூன்று மதிப்பெண் குறைந்து கவிப்ரியாவுக்கு அரியர் விழுந்தது. விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு வந்தாள். அழகான படம், பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. விஜயலட்சுமி பயிற்சியைத் திறந்தாள். மேலே வர வேண்டிய சைலத்தைக் கீழே என்று, விடையைப் பதியும்போது அவள்தான் மாற்றிப் போட்டிருந்தாள்.

மறுநாள் வகுப்பில் சொன்னாள்: "தப்பு என்னோடது. உங்களோடது இல்ல." கவிப்ரியாவுக்கு மதிப்பெண் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினாள். விடை தவறுதான், மதிப்பெண் தர வழியில்லை என்று பதில் வந்தது.

வகுப்பு முடிந்ததும் கவிப்ரியாவை நிறுத்தினாள். "உனக்குத்தான் சரியாத் தெரிஞ்சுதே, ஏம்மா மாத்தி எழுதுன?"

"லேப்ல பாத்தப்பவும் சைலம் மேலதான் இருந்துச்சு மேம். நீங்க தப்புன்னுட்டீங்க. சரி, நான்தான் ஸ்லைடைத் தலைகீழா வச்சுட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சரியாகத் தெரிந்த பிள்ளையைத் தன் கண்ணையே நம்பாமல் ஆக்கிவிட்டோமே என்று விஜயலட்சுமி நாளெல்லாம் குமைந்தாள்.

பயிற்சிகள் அத்தனையையும் திரும்பப் பார்த்தாள். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. "நீயும் ஒருதரம் பாத்துத் தர்றியாம்மா?" என்று கவிப்ரியாவிடம் கேட்டாள்.

"அரியர் இருக்குங்க மேம், படிக்கணும்."

நவம்பர் மறுதேர்வில் கவிப்ரியா தேறிவிட்டாள். விஜயலட்சுமி வாழ்த்துச் சொன்னபோது "தேங்க்ஸ் மேம்" என்று சிரித்துவிட்டு நடந்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் தேவலை என்று விஜயலட்சுமிக்குப் பட்டது.