சூசை அண்ணனின் பரமண்டலம்

மைதா பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் ஒரு வாசனை வரும்...

டிசம்பர் மாதம் ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த வாசனைதான். வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் குடில். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைக் கசக்கி ஒட்டினால் மலை ரெடி.

எங்கள் வீட்டுக் குடில் சூசை அண்ணன் பொறுப்பு. அஞ்சாம் கிளாஸோடு படிப்பை விட்டுவிட்டு ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினான். என்னைப் பி.எஸ்சி. படிக்க வைத்தவன் அவன்தான். நான் சயின்ஸ் டீச்சரானதில் என்னைவிட அவனுக்குத்தான் பெருமை.

வேலை விட்டு வந்து குளித்ததும் கேட்பான். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு இன்னா பாடம் எடுத்த?"

அவனுக்கு இன்னொரு முறை கிளாஸ் எடுப்பேன். அப்புறம் எல்லோரும் முழங்கால் போட்டு ஜெபம். "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே..." என்று அண்ணன்தான் ஆரம்பிப்பான். எதிர் வீடு வரை கேட்கும்.

மனுஷன் நிலாவில் இறங்கிய வருஷம் அது. பூமியைச் சுற்றி வாயு மண்டலம், அதைத் தாண்டித்தான் ராக்கெட் போகிறது என்று ஒருநாள் சொன்னேன்.

"மண்டலமா?" என்றான். "அப்படியா சங்கதி!" முகமெல்லாம் பிரகாசம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த வருஷம் குடிலுக்குப் பின்னால் பெரிய அட்டை ஒன்றை நிறுத்தினான். கீழ்ப்பாதி வெளிர் நீலம். மேல்பாதிக்கு, துணிக்குப் போடும் நீலத்தைக் கெட்டியாகக் கரைத்துப் பூசியிருந்தான். நடுவில் பால் டப்பாத் தகரத்தில் ஒரு ராக்கெட்.

கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் மாதா கோயில் பங்குச் சாமியார் வீடு வீடாகக் குடில் பார்க்க வந்தார். பின்னாலேயே பாதித் தெரு.

"இது வாயு மண்டலம் சாமி. அதுக்கு அப்பால கீது பாருங்க, அதான் பரமண்டலம். ராக்கெட்டு இன்னும் அங்க போவல. எங்க வூட்டு டீச்சர் சொல்லிக் குடுத்தது!"

எனக்கு மானம் போயிற்று. நான் ஸ்கூலில் இதைத்தான் நடத்துகிறேன் என்று எல்லோரும் நினைத்துவிட்டால்?

"ஐயோ அண்ணா! அது வேற மண்டலம், இது வேற மண்டலம். மேல போனா வெறும் இருட்டுதான், ஒண்ணும் கிடையாது!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். தெருவே சிரித்தது. சாமியாரும் சிரித்து, அண்ணன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அண்ணனும் சிரித்தான். கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ... இத்தினி நாளா நான் யார்கிட்ட பேசிக்கினு இருந்தேன் லூர்து?"

"விடுண்ணா" என்று சொல்லிவிட்டு, பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் குடில் இருந்தது, அட்டை இல்லை. சாயங்காலம் ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது, "நீயே ஆரம்பி. எனக்குத் தப்பு தப்பா வருது" என்றான்.

கோபமெல்லாம் இல்லை. எப்போதும்போல் என்னோடு பேசினான், கோயிலுக்கும் போனான். ஆனால் இன்னா பாடம் எடுத்த என்று மட்டும் அதற்கப்புறம் கேட்கவே இல்லை... சில வருஷங்களில் கோயிலில் ஜெபத்தையே "விண்ணுலகில் இருக்கிற" என்று மாற்றினார்கள். ஊரே தடுமாறியது. அண்ணனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, உதட்டை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் சயின்ஸ் எடுத்தேன். ஸ்கூலில் சாக்பீஸ், கோயிலில் ஜெபமாலை. இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை, பயம். அஞ்சாம் கிளாஸ் அண்ணன் ஒரே அட்டையில் வைத்தான். வார்த்தையில்தான் தப்பு. செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று இப்போதுதான் உறைக்கிறது.

அவன் கேட்டதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு என் சிரிப்பும் "விடுண்ணா"வும் பதில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது பேரன் போனில் நட்சத்திரக் கூட்டங்களைக் காட்டுகிறான். கருநீலத்தில் கோடி கோடி வெளிச்சம். நான் வெறும் இருட்டு என்று சொன்ன இடம்...

அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் ஜெபத்தை இன்னும் நான்தான் ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவனுக்காக ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான்.

நீ ஆரம்பி அண்ணா. தப்பாவே சொல்லு.